மூடி போட்ட படங்கள்

துருவ நட்சத்திரத்தை நான் பார்த்ததில்லை.
ஹப்புத்தளையில் அதன் உயரம் ஏழு பாகைதான்,
எங்கள் மேற்கணக்கு மலையோ
பதினொன்று.
கையை நீட்டி விரலால் அளந்தேன், பிறகு
போனில் அளந்தேன். மலை இறங்கவில்லை.

ஆகவே வடக்கைக் கேட்டுப் பிரயோசனமில்லை.
உச்சிக்கு அருகே ஏதோ ஒரு வெள்ளியைக்
குறுக்குக் கோட்டில் நிறுத்தி
அது எந்தப் பக்கம் நழுவுகிறதென்று பார்க்க வேண்டும்.
ஐந்து நிமிடம். திருகாணி கால் சுற்று.
மறுபடி ஐந்து நிமிடம்.
நேற்று இதற்கே பத்தரை ஆகிவிட்டது.

தாங்கி, கொழும்பில் யாரோ அலுத்துப்போய் விற்றது.
கேமரா, கல்யாண வீடுகளில் உழைத்து ஓய்ந்தது;
ஒரு லட்சம் தடவைக்கு மேல் கண் சிமிட்டியிருக்கிறது,
எத்தனை தாலியைப் பார்த்ததோ.
பனி படியாமலிருக்க லென்சின் கழுத்தில்
நான் பற்றவைத்த ரெசிஸ்டர் மாலை,
அதன்மேல் ஒரு பழைய காலுறை.
பகலில் போன் திருத்துகிறவள்
ரெசிஸ்டருக்கு எங்கும் போக வேண்டியதில்லை.

தெற்கே மலை சட்டென்று முடிந்துவிடுகிறது.
கீழே சமவெளியின் விளக்குகள், அதற்கும் அப்பால்
கடலாக இருக்க வேண்டிய ஒரு கறுப்பு,
அதன்மேல் இருபத்துமூன்று பாகையில்
கரீனா.
மார்ச்சில் பதினொரு மணி சுமாருக்கு
நேர் தெற்கில் நிற்கும், பின் சாயும்.
எனக்கும் அதற்கும் நடுவில்
ஸ்டோரின் ஃபிளட் லைட்.

"எவ்வளவு நேரத்துக்குக்கா?" என்றான் வாட்ச்சர் விக்னராஜ்.
"ஒரு மணித்தியாலம்."
"டீமேக்கர் ஐயா கண்டா என் வேல போயிரும்.
நாப்பது நிமிசம். எனக்கும் காட்டணும்."

அணைத்தான்.
கொழுந்து வாடும் மணம் மட்டும் அணையவில்லை.

பக்கத்துச் சின்னக் குழாயில் கண் வைத்தான்.
வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
"கண்ணாடியில மூச்சு விட்ட மாதிரி இருக்கு.
இதுக்கா?"
பெரிய குழாயில் கேமரா நாற்பது செக்கன் எண்ணி முடித்தது.
திரையில் ரோஸ் நிறம், நடுவே கறுப்பாக ஒரு கீறல்.
"கலர் போட்டிருக்கீங்க."
இல்லை என்றேன்.
அவன் குழாயையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான்,
ரெண்டில் ஒருத்தர் பொய் சொல்கிறார் என்பதுபோல.

ஐம்பத்திரண்டு படங்கள்.
பத்தொன்பதைப் பள்ளத்திலிருந்து ஏறிய மூடுபனி எடுத்துக்கொண்டது.
ஒன்றில் அவனுடைய டோர்ச்.

பிறகு நான் லென்சுக்கு மூடி போட்டு
மறுபடி எடுக்கத் தொடங்கினேன்.
"மூடிப்போட்டு என்னாத்தக்கா எடுக்கிறீங்க?"
"இருட்டை."
கொஞ்சம் யோசித்தான்.
"அப்ப லைட்ட போட்டுக்கலாமா?"

அட,
போடலாம்தான்.

மலை முழுக்க மஞ்சள் பாய்ந்தது.
தேயிலை ஒவ்வொரு இலையாகத் திரும்பி வந்தது.
அந்த வெளிச்சத்தில் நாங்கள் இருவரும்
அவன் ஃபிளாஸ்க் பிளேன்டீயை மூடியில் ஊற்றிக் குடிக்க,
கேமரா உள்ளே கண்ணை மூடிக்கொண்டு
இல்லாத நட்சத்திரங்களைக் கண்டுகொண்டிருந்தது:
சிவப்புப் புள்ளி, பச்சைப் புள்ளி,
சூட்டில் அதற்குத் தோன்றுகிற எதுவெல்லாமோ.
இருபது படம். வானத்திலிருந்து பிறகு இவற்றைக் கழிக்க வேண்டும்.
எதைப் பார்த்தாலும் அதில் நம்முடையது கொஞ்சம் கலந்துவிடுகிறது,
கேமராவிலாவது அதற்கு மூடி இருக்கிறது.

இன்று கடைக்கு வந்தான், சார்ஜ் ஏறாத போனோடு.
கரீனாவைக் காட்டினேன். முப்பத்திரண்டை அடுக்கி,
இருட்டைக் கழித்து, சுத்தமாக.
"நல்லாருக்கு" என்றான். "அந்த மூடி போட்டது ஒண்ணு
அனுப்புங்கக்கா.
அப்பதானே நாம டீ குடிச்சோம்."

அனுப்பினேன்.
கறுப்புத் திரையை இரண்டு விரலால் அகட்டி
அகட்டித் தேடினான்.
"இந்தா ஒண்ணு இருக்கே!"
"அது கேமராட பழுது."
"இருக்கட்டும்."

போனுக்குக் காசு வாங்கவில்லை.
ஃபிளட் லைட் கணக்கில் கழித்துக்கொண்டேன்.